ஸ்டெப்னியில் காற்று இல்லை



2017-ம் வருஷம் மே மாதக் கடைசி ஞாயிறு ஆராதனையில் நான் ஒரு சாட்சி சொன்னது உங்களில் அநேகருக்கு ஞாபகம் இருக்கும். திருச்சியிலிருந்து மதுரைக்குக் குடும்பமாய்த் திரும்பும்போது துவரங்குறிச்சி தாண்டி டயர் வெடித்தது, வண்டி ஜாக்கியிலிருந்து கீழே விழுந்தது, என் மகன் மயிரிழையில் தப்பினான் என்று சொன்னேன். நீங்களும் கண்ணீரோடு ஸ்தோத்திரம் சொன்னீர்கள்.

அந்தச் சாட்சியில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பாதிதான் சொன்னேன். மீதிப் பாதியைச் சொல்ல எனக்கு வெட்கமாயிருந்தது. இத்தனை வருஷம் அப்படியே விட்டுவிட்டேன். போன மாதம் வாலிபர் கூட்டம் முடிந்து வாசலில் நிற்கும்போது ஒரு தம்பி, புது வண்டி வாங்கியிருக்கிறவர், "டயர் மாத்தல்லாம் தெரியாது அங்கிள். போன் பண்ணா ஆள் வந்துட்டுப் போறாங்க" என்று சிரித்தார். நானும் ஒரு காலத்தில் அப்படிச் சிரித்தவன்தான். ஆகையால் அந்த மீதியையும், அதிலிருந்து நான் கற்றுக்கொண்டதையும் இங்கே எழுதுகிறேன். தயவுசெய்து ஓட்டுகிறவர்கள் மாத்திரம் அல்ல, வீட்டிலுள்ள எல்லாரும் வாசியுங்கள்.

எங்கள் வண்டி பொலேரோ. 2010-ல் வாங்கினது. மைத்துனர் மகன் கல்யாணத்துக்குத் திருச்சி போயிருந்தோம். நான், என் மனைவி, மகன், மகள், என் மாமியார் ஆகிய ஐந்து பேர். மத்தியானம் சாப்பிட்டு, எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு புறப்பட மாலை ஐந்தே கால். வழக்கம்போல வண்டியின்மேல் கை வைத்து ஜெபித்தேன். டயரின்மேல் கை வைத்துப் பார்க்கவில்லை.

பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். அந்த டயரின் பட்டன் நன்றாகத்தான் இருந்தது. எங்கள் வண்டி அதிகம் ஓடாத வண்டி. பட்டன் இருக்கிறபடியால் டயர் நல்லது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். ஆனால் ரப்பருக்கு ஓட்டத்தின் தேய்மானம் ஒன்று, வயதின் தேய்மானம் ஒன்று. வெயிலில் நின்று நின்று பக்கச் சுவரில் நூல் நூலாய் வெடிப்பு விட்டிருந்தது. ஒவ்வொரு டயரின் பக்கத்திலும் ஒரு சின்ன வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் அச்சடித்திருக்கும். 1810 என்றிருந்தால் 2010-ம் வருஷத்தின் 18-வது வாரத்தில் செய்த டயர் என்று அர்த்தம். எங்களுடையது அதுதான். ஏழு வயது. இந்த இலக்கத்தை நான் முதன்முதலாய் வாசித்தது, டயர் கிழிந்துபோன பிறகு.

துவரங்குறிச்சிக்கும் கொட்டாம்பட்டிக்கும் நடுவே, நல்ல நான்குவழிச் சாலை, ஏறக்குறைய 85 கிலோமீட்டர் வேகம். "டப்" என்று ஒரு சத்தம். பின்னால் வலது பக்கம் வண்டி உட்கார்ந்தது. நான் பயத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். இது முதல் தப்பு. வண்டி வலப்பக்கம் இழுத்து, நடுவே இருக்கிற அரளிச் செடிக்கு நேராய்ப் போனது. எப்படியோ திருப்பினேன். டயர் வெடித்தால் செய்யவேண்டியது இதற்கு நேர்மாறு. ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராய்ப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலேட்டரிலிருந்து காலை மெதுவாய் எடுத்து, வண்டி தானாய் வேகம் குறைகிறவரைக்கும் பொறுக்கவேண்டும். பிரேக்கைக் கடைசியில், லேசாய். அந்த இரண்டு மூன்று நொடி பொறுப்பது மிகவும் கஷ்டம். கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். அதனால்தான் முன்கூட்டியே மனதில் பதிய வைக்கச் சொல்லுகிறேன்.

அடுத்த தப்பு, நின்ற இடம். காற்றில்லாத டயரில் ஓட்டினால் ரிம் கெட்டுப்போகுமே என்று, ஓரத்து வெள்ளைக் கோட்டின் மேலேயே நிறுத்திவிட்டேன். முன்னால் கண்ணுக்கெட்டின தூரத்தில் ஒரு டீக்கடையும் அகலமான மண் தரையும் இருந்தன. ஊர்ந்து போயிருந்தால் இரண்டு நிமிஷம். ஒரு ரிம்முக்குச் சில ஆயிரம் ரூபாய் ஆகும், உண்மைதான். ஆனால் நம் ஊரில் வண்டிகள் இடப்பக்கம் போகிறபடியால், வலது டயரை மாற்றுகிறவன் ஓடுகிற லாரிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் குனிந்து உட்காரவேண்டும். 80 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி ஒரு நொடிக்கு 22 மீட்டர் வருகிறது. நம்மைப் பார்த்து, திகைத்து, டிரைவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே அது 30, 40 மீட்டர் வந்துவிடும். ஆகவே ரிம் போனால் போகட்டும் என்று நகர்ந்துவிடுங்கள். இடது டயரானாலும் அப்படியே. பெட்ரோல் பங்க், டீக்கடை, அகலமான மண் ஓரம், எதுவானாலும் சரி. வளைவிலும் பாலத்திலும் மட்டும் நிற்கவே கூடாது.

வண்டியோடு கொடுத்த சிவப்பு முக்கோணம் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் உறையோடு கிடந்தது. அதையும் நான் எடுக்கவில்லை. நாலு விளக்கும் மினுக்குகிறதே, போதாதா என்று நினைத்தேன். மினுக்கு விளக்கு வண்டி இருக்கிற இடத்தைத்தான் காட்டும். முக்கோணம் அதற்கு முன்னமே எச்சரிக்கும். நெடுஞ்சாலையில் பின்பக்கமாய் நூறு பெரிய எட்டு நடந்து போய் வையுங்கள். நடக்கும்போது சாலையில் அல்ல, ஓரத்து மண்ணில், எதிரே வருகிற வண்டியைப் பார்த்துக்கொண்டே. பத்து எட்டில் வைத்தால் அலங்காரத்துக்குத்தான் உதவும்.

பிள்ளைகளையும் பெரியவரையும் வண்டிக்குள்ளேயே உட்கார வைத்தேன். இருட்டுகிறது, வெளியே பூச்சி பொட்டு இருக்கும், உள்ளே பத்திரம் என்பது என் எண்ணம். இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது. பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் முதலில் நசுங்குவது அவர்கள் இருந்த இடமல்லவா? நின்றவுடனே எல்லாரும் இடது கதவு வழியாய் இறங்கவேண்டும். ஓரத்தில் இரும்புத் தடுப்பு இருந்தால் அதற்கு அந்தப் பக்கம், வண்டியை விட்டு நன்றாய்த் தள்ளிப் போய் நிற்கவேண்டும். மழை பெய்தாலும் அப்படித்தான்.

இனி, நான் சாட்சியில் சொல்லாமல் மறைத்த காரியத்துக்கு வருகிறேன்.

ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். எங்கள் வண்டியின் ஹேண்ட் பிரேக் கேபிள் தளர்ந்து பல மாதம் ஆகியிருந்தது. கடகடவென்று மேலே வரும், பிடிப்பு அரைகுறைதான். 'சர்வீஸுக்கு விடும்போது பார்த்துக்கலாம்' என்று விட்டிருந்தேன். ஆனாலும் முதல் கியரில் போட்டிருக்கிறோமே, வண்டி எங்கே போகும் என்று தைரியம். கல் ஒன்றும் வைக்கவில்லை. சாலையோ முன்பக்கமாய் லேசான சரிவு. கண்ணுக்குத் தெரியாத சரிவு.

நட்டுகளைக் கழற்றி, வண்டியைத் தூக்கி, வீலை உருவிவிட்டேன். மகனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. டார்ச் பிடித்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்திலேயே முழங்காலை ஊன்றி உட்கார்ந்திருந்தான். "தம்பி, ஸ்டெப்னியை உருட்டிட்டு வா" என்றேன். எழுந்து பின்பக்கம் போனான். அதே நேரம் உள்ளே அத்தை தண்ணீர் பாட்டிலை எடுக்கத் திரும்பினார்கள். வண்டி ஆடியது. ஆடின வண்டி முன்னால் நகர்ந்தது. ஒரு சாண்தான் இருக்கும். ஜாக்கி சாய்ந்து தெறித்தது. பிரேக் டிரம் தார் ரோட்டில் இடித்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. என் மகனின் முழங்கால் இருந்த இடம் அது.

உள்ளே மனைவி அலறுகிறாள், "என்னங்க, பிள்ளை எங்க? பிள்ளை எங்க?" என்று. பிள்ளை ஸ்டெப்னியைப் பிடித்தபடி பின்னால் நிற்கிறான். எனக்கு வாயிலிருந்து வார்த்தை வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு லாரி எங்களுக்குப் பின்னால் தள்ளி நின்றது. நாமக்கல் பக்கத்து டிரைவர், ஐம்பது வயதிருக்கும். முதலில் கிளீனர் பையனைச் சிவப்புத் துணியோடு பின்னால் அனுப்பினார். அடுத்து எல்லாரையும் இறக்கி, ஓரத்துக்குப் போகச் சொன்னார். அதன் பிறகுதான் வண்டியைப் பார்த்தார்.

"கல்லு வெக்காமத் தூக்கிட்டீங்களா சார்?"

"கியர்ல போட்டிருந்தேன் அண்ணே."

"கியர் போட்டு என்னங்க பிரயோசனம்? பின்வீலு ஒண்ணு அந்தரத்துல நிக்குதுங்களே!"

இது எனக்கு அதுவரை தெரியாது. இருபது வருஷம் வண்டி ஓட்டினவன். உங்களிலும் அநேகருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். ஆகையால் கொஞ்சம் விளக்கமாய் எழுதுகிறேன்.

பின்சக்கரம் தள்ளுகிற வண்டிகளில், என்ஜினிலிருந்து வருகிற ஒரே தண்டு பின்னால் டிஃபரென்ஷியல் என்கிற பல்சக்கரப் பெட்டியில் போய்ச் சேருகிறது. அங்கிருந்துதான் இடது சக்கரத்துக்கும் வலது சக்கரத்துக்கும் பிரிகிறது. வண்டி வளைவில் திரும்பும்போது வெளிச் சக்கரம் அதிக தூரமும் உள் சக்கரம் குறைந்த தூரமும் ஓடவேண்டுமே. அதற்காக ஒன்று வேகமாகவும் ஒன்று மெதுவாகவும் சுற்ற இந்தப் பெட்டி இடம் கொடுக்கிறது. இப்போது கியரைப் போட்டு என்ஜினை நிறுத்தினால் நடுத்தண்டு அசையாது. இரண்டு சக்கரமும் தரையில் இருந்தால் வண்டியும் அசையாது. ஆனால் ஒரு சக்கரத்தை ஆகாயத்தில் தூக்கிவிட்டால்? தரையிலிருக்கிற சக்கரம் முன்னால் உருளும், தூக்கின சக்கரம் பின்பக்கமாய்ச் சும்மா சுற்றும், நடுத்தண்டு அசையாமலே இருக்கும். கியர் இருந்தும் இல்லாததுபோல. மீதி நம்பிக்கை முழுவதும் ஹேண்ட் பிரேக்கின் மேல்தான். அதுவும் எங்கள் வண்டியில் தளர்ந்திருந்தது.

முன்சக்கரம் இழுக்கிற வண்டிகளில் கணக்கு வேறு. ஆனாலும் கல் வைப்பது எல்லா வண்டிக்கும் பொது. எந்தச் சக்கரத்தைத் தூக்குகிறோமோ அதற்கு மூலைக்கு மூலை எதிரான சக்கரத்துக்கு, முன்னாலும் பின்னாலும் அண்டை கொடுக்கவேண்டும். வலது பின்சக்கரம் தூக்கினால் இடது முன்சக்கரத்துக்கு. உருண்டைக் கல் வேண்டாம், அது தானும் உருளும். செங்கல்லும் நொறுங்கிவிடும். முக்கோணமாய் அறுத்த இரண்டு மரக்கட்டை எந்த மர அறுவைக் கடையிலும் கிடைக்கும்.

அந்த டிரைவர் இன்னொன்றும் சொன்னார். "கழட்டின வீலை அப்பவே வண்டிக்கு அடியில படுக்கப் போட்டிருக்கோணுங்க. ஜாக்கி போனாலும் வண்டி அது மேல உக்காந்துக்கும்." ஒரு ரூபாய் செலவில்லாத காரியம். வண்டியைத் தூக்கினவுடனே ஸ்டெப்னியைச் சேஸுக்குக் கீழே படுக்க வையுங்கள். பழைய வீலைக் கழற்றினதும் அதை உள்ளே தள்ளிவிட்டு ஸ்டெப்னியை வெளியே எடுங்கள். கையும் காலும் எந்நேரமும் வெளியே இருக்கட்டும். இந்த மாதிரி வண்டி ஒன்றரை டன்னுக்கும் மேல் எடையுள்ளது, உயரமானது. ஆடினால் அதிகமாகவே ஆடும்.

அவர் தம்முடைய ஜாக்கியைச் சேஸின் கீழ் கட்டை வைத்துக் கொடுத்து, எங்கள் வண்டியைத் தூக்கினார். ஸ்டெப்னியை எடுத்து ஒரு உதை உதைத்துப் பார்த்து, என் முகத்தைப் பார்த்தார். அதில் காற்று இல்லை.

பின்கதவில் எல்லாரும் பார்க்க, அழகாய் உறை போட்டு, ஏழு வருஷம் தொங்கினது அது. உள்ளே என்ன இருக்கிறதென்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. ஓடாமல் தொங்குகிற டயரிலும் மாதத்துக்கு ஒன்று இரண்டு பவுண்டு காற்று தானாய் இறங்கிக்கொண்டேயிருக்கும். 35 பவுண்டு அடித்து வைத்தாலும், திரும்பிப் பார்க்காமல் விட்டால் இரண்டு மூன்று வருஷத்தில் காலி. அவர் தம் லாரியின் ஏர் பிரேக் டேங்கிலிருந்து குழாய் மாட்டிக் காற்றுப் பிடித்துக் கொடுத்தார். பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "பையனுக்கு எதாச்சும் வாங்கிக் குடுங்க, பயந்துட்டான்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாட்சி சொல்லும்போது இந்த மனிதரை "ஒரு சகோதரர் வந்து உதவினார்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அவர் சொன்ன வார்த்தைகளைச் சொன்னால் என் கவனக்குறைவும் வெளிப்படுமே. பிள்ளை தப்பினதைச் சொன்ன நான், பிள்ளையை அங்கே முழங்கால் ஊன்ற வைத்தவன் யார் என்பதைச் சொல்லவில்லை. என் மனைவிக்குத் தெரியும். அவள் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதப்போகிறேன் என்றபோது, "எழுதுங்க, அந்த டிரைவரை மட்டும் விட்டுறாதீங்க" என்றாள்.

அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, வீட்டு முன்னால் சமதரையில், பகல் வெளிச்சத்தில், நாங்கள் எல்லாருமாய் டயர் மாற்றிப் பழகினோம். அப்போதுதான் இன்னொரு சிக்கல் தெரிந்தது. நட்டு ஒன்றும் அசையவில்லை. பஞ்சர் கடைகளில் காற்றுத் துப்பாக்கியால் முறுக்கிவிடுகிறார்கள். மனுஷர் கையால் திறக்க முடியாது. கடையில் நின்று, "கடைசி முறுக்கு கை ஸ்பேனர்லயே போடுங்க" என்று கேளுங்கள். வீல் ஸ்பேனரின்மேல் செருகுகிற அளவில் இரண்டடி இரும்புக் குழாய் ஒன்றும் வண்டியில் போட்டுக்கொண்டோம். ஐம்பது கிலோகூட இல்லாத என் மனைவி அந்தக் குழாயை வைத்து ஐந்து நட்டையும் அசைத்துவிட்டாள். வீலைத் தூக்குவதும் பலமல்ல, முறைதான். அது இருபது கிலோவுக்கு மேல் கனக்கும். தரையில் உட்கார்ந்து, ஸ்பேனரை டயருக்கு அடியில் நெம்புகோலாய்க் கொடுத்தால் நோகாமல் ஏறிவிடும்.

முறை இவ்வளவே. வீல் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச் சுற்று தளர்த்துங்கள். தூக்கின பிறகு மல்லுக்கட்டினால் வண்டி ஜாக்கியிலிருந்து நழுவும். ஜாக்கியை வண்டியோடு வந்த புத்தகத்தில் காட்டின இடத்தில்தான் வைக்கவேண்டும். மண் தரையானால் கீழே ஒரு பலகை. புது வீலைப் போடும்போது நட்டின் சரிந்த முனை உள்பக்கம் இருக்கட்டும். ஒன்றுக்கு எதிரே ஒன்றாய், நட்சத்திரம் வரைவதுபோல மாறி மாறி முறுக்குங்கள். வட்டமாய் முறுக்கினால் வீல் கோணலாய் உட்காரும். கடைசி முறுக்கு, வண்டியை இறக்கின பிறகு. 50 கிலோமீட்டர் ஓடினதும் நிறுத்தி மறுபடியும் ஒரு தரம். துருப்பிடித்த வீல் வராவிட்டால், வண்டியை இறக்கி, நட்டுகளை ஒரு சுற்று மட்டும் தளர்த்தி, முன்னும் பின்னும் ஒரு அடி நகர்த்துங்கள். விட்டுக்கொடுத்துவிடும். அடியில் படுத்து உதைக்க வேண்டாம்.

புது வண்டிக்காரர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2020-ல் விதி மாறின பிறகு, காற்று அளவு காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே வண்டி விற்கலாம். சிலவற்றில் ஒல்லியான ஸ்டெப்னி வரும். அதில் 80-க்கு மேல் ஓட்டக்கூடாது. உங்கள் வண்டியில் என்ன இருக்கிறதென்று இன்றைக்கே பின்கதவைத் திறந்து பாருங்கள். இறங்கி மாற்ற வழியில்லாத இடமானால், அந்தத் தம்பி சொன்னதும் சரிதான், போனை எடுங்கள். தேசிய நெடுஞ்சாலை உதவிக்கு 1033. உயிரைப் பணயம் வைத்து மாற்றவேண்டிய டயர் எதுவுமில்லை.

வருகிற இரண்டாம் சனிக்கிழமை மாலை 4 மணிக்கு, ஆலயத்தின் பின்பக்க மைதானத்தில் இதைச் செய்து காண்பிக்கப்போகிறேன். சகோதரிகளும் வாலிபப் பிள்ளைகளும் அவசியம் வரவும். அவரவர் வண்டியின் ஜாக்கி, ஸ்பேனரைக் கொண்டுவாருங்கள். ஸ்டெப்னியில் காற்றுப் பார்க்கிற கருவி என்னிடம் உண்டு. கட்டை இல்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம், என் வண்டியில் நான்கு கிடக்கின்றன. அவைகளின் நிமித்தம் கால் நீட்ட இடமில்லை என்று அத்தைக்கு மட்டும் இன்னும் குறை.